அதே சாப்பாடுதான்

அந்தப் பன்னிரண்டு புள்ளி நான்கு யாருடைய ரத்தம் என்பதைப் பிச்சைமுத்துவால் இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சர்க்கரை பார்க்கும் மெஷினின் நினைவில் அந்த எண் இன்னும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை, காலை ஆறு ஐம்பத்திரண்டு. அந்த வீட்டில் ஒரே மெஷின்தான். முதலில் பூனையின் காது, பிறகு ஊசிமுனையை மாற்றிவிட்டு அவருடைய விரல். தினமும் காலையில் இரண்டு எண்கள் பதிவாகும். அந்த வெள்ளிக்கிழமை மட்டும் ஒன்றுதான் இருக்கிறது. பூனையின் காதுமடலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஓரத்தில் ஓடும் மெல்லிய நரம்பைத் தேடியது அவருக்கு நினைவிருக்கிறது. ஆனால் அது முந்தின நாளாகவும் இருக்கலாம். தன் விரலில் குத்தி, துடைக்க மறந்து, சட்டைப்பையின் ஓரத்தில் ஒரு பொட்டு ரத்தம் பட்டதும் நினைவிருக்கிறது. அந்தக் கறை அதற்கு முந்தைய வாரமே இருந்ததோ என்னவோ. அன்று மழை தூறியதாக அவர் நினைக்கிறார். நல்ல வெயில் என்று பக்கத்து வீட்டு லியோனார்ட் அடித்துச் சொன்னார். இப்படி அந்தக் காலையின் ஒவ்வொன்றும் அவர் கையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது.

ஊசி போட்டது மட்டும் நிச்சயம். ஐந்து யூனிட். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஊசி விஷயத்தில் அவர் கை தப்பியதில்லை. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தின் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடம் மருந்தும் ஊசியும் பார்க்கும் டிரெஸருக்கு உதவியாளாக இருந்தவர். டிரெஸர் இல்லாத நாட்களில் அவர்தான் டிரெஸர். பால்மரம் வெட்டப் போகும் பெண்கள், காய்ச்சல் குழந்தைகள், குடித்துவிட்டுக் கால்வாயில் விழுந்தவர்கள் என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அவர் ஊசி படாத உடம்பு குறைவு. "முத்தண்ணன் குத்துனா தெரியாது" என்பார்கள். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறி, ஆஸ்பத்திரியைப் பூட்டி, லயங்களை இடித்தபோது, தங்கை விமலாவுடன் ஈப்போவுக்கு வந்து குனோங் ராபாட்டில் இந்த வரிசை வீட்டில் குடியேறினார். வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்பு மலை. அவர் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நின்றார். விமலா கையுறைத் தொழிற்சாலையில் நின்றாள். அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவரும் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதும் இல்லை. அந்த வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அது பண்டிகை நாள்.

பூனையின் பெயர் மண்டோர். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மர நிரை பார்ப்பதைப் போல, வாலைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவதைப் பார்த்து லியோனார்ட் வைத்த பெயர். பதினோரு வயதுக் கடுவன். அந்த ஜூன் மாதம் சர்க்கரைப் புண்ணால் பிச்சைமுத்துவின் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அவர் வீடு திரும்பிய மூன்றாவது வாரம் மண்டோர் தண்ணீர்க் குவளையை விட்டு நகராமல் குடிக்க ஆரம்பித்தது. முதுகெலும்பு தெரிந்தது. பின்னங்கால்கள் தரையோடு படிய நடந்தது. பெரிய சாலையோரத்தில் இருந்த மிருக கிளினிக்கில், தர்ஷனா என்ற இளம் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஏழெட்டைத் தாண்டக் கூடாத சர்க்கரை இருபத்து நான்கு என்றாள். லியோனார்ட் வாய்விட்டுச் சிரித்தார். "என்னண்ணே, ஒங்க தட்டுல சாப்பிட்டு ஒங்க சீக்கையே வாங்கிக்கிச்சா?"

பிச்சைமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் வெளியில் சொல்ல முடியாத ஒரு நிம்மதி வந்தது. வேலை போய், விரல் போய், கூடத்து நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மலையைப் பார்த்திருந்தவருக்குக் காலை ஏழு மணி, மாலை ஏழு மணி என்று இரண்டு வேளை கிடைத்தது. குளிர்பெட்டியின் கதவில் தன் ஊசிப் பேனாவுக்குப் பக்கத்தில் பூனையின் இன்சுலின் போத்தலை நிறுத்தினார். குலுக்கக் கூடாது, உள்ளங்கையில் வைத்து உருட்ட வேண்டும். துணி துவைக்கும் மெஷினின் மேல் துண்டை விரித்து மண்டோரை ஏற்றுவார். அது தட்டில் வாய் வைத்ததும் பிடரித் தோலைக் கூடாரம்போல் தூக்கி ஊசியை நுழைப்பார். பூனை தலை நிமிராது. டாக்டர் தர்ஷனா சொன்னது இரண்டே விஷயம்: சோறும் மாவுத்தீனியும் கூடாது; மீன், கோழி மட்டும் போடலாம். விமலா கெம்போங் மீனை உப்பில்லாமல் அவித்து முள் எடுத்து வைப்பாள். இரண்டு யூனிட். ஆகஸ்ட் கடைசியில் எண் பதினொன்றுக்கு வந்தது, பிறகு ஒன்பதுக்கு. பூனை மறுபடியும் கையைக் கட்டிய மண்டோராக நிரை பார்த்தது. அவருடைய கால் மட்டும் ஆறவில்லை. புரட்டாசிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆஸ்பத்திரியில் புண்ணைத் திறந்து பார்த்த மருத்துவர், அடுத்த மாதத்துக்குள் மூடவில்லையென்றால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்று மலாயில் அமைதியாகச் சொன்னார்.

அன்று மாலை விமலா சமையலறையைக் கழுவினாள். மீன் சட்டியை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்கதவுக்கு வெளியே கவிழ்த்தாள். குளிர்பெட்டியின் மேல்தட்டைச் சுரண்டித் துடைத்தாள்.

"புரட்டாசி முழுக்கச் சைவம்ணே. ஒங்க காலுக்கு. பெருமாளுகிட்டச் சொல்லிட்டேன்."

"சரி."

"வூடு முழுக்க. மண்டோருக்கும் சேத்துத்தான். கவுச்சி வாசல்படி தாண்டக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்."

லியோனார்ட் வீட்டுப் பின்கட்டில் ஒரு தட்டு வைத்துக்கொள்ளலாம், இரண்டு வேளையும் தூக்கிக்கொண்டுபோய்த் தீனி போட்டுவிட்டு வரலாம் என்று அப்போதே அவருக்குத் தோன்றியது. லியோனார்ட் மறுத்திருக்க மாட்டார். ஆனால் வேண்டுதல் என்றாலே உதட்டைச் சுழிக்கும் பிச்சைமுத்து அந்த வருடம் கட்டிய காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்த ஓட்டையும் இல்லாமல் அந்த விரதம் நடந்தேற வேண்டும் என்று அவருக்கு ஆசையாக இருந்தது. பூனையின் மீனைக்கூட அவர் அதில் விட்டுவைக்க விரும்பவில்லை. "ஒரு மாசந்தானே" என்றார்.

மண்டோருக்கு முதல் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தெரிந்தது. மூன்றாம் நாள் தயிர்ச் சோற்றைத் தின்றது. சர்க்கரை ஏறிய உடம்பின் பசிக்கு ருசி தெரியாது என்பது அவருக்குத் தன் உடம்பிலேயே தெரியும். விமலா சோற்றைக் குழைத்து, நெய் தடவி, அவித்த உருளைக்கிழங்கை மசித்துப் போட்டுத் தட்டை வைப்பாள். "நெத்தியில நாமம் மட்டுந்தான் பாக்கி லா" என்று வேலிக்கு அந்தப்பக்கம் இருந்து லியோனார்ட் சொல்வார். முதல் வாரக் கடைசியில் எண் பத்தொன்பது. பிச்சைமுத்து பூனையைக் கூடையில் வைத்து லியோனார்டின் காரில் கிளினிக்குக்குப் போனார். தர்ஷனா அட்டையைப் புரட்டினாள். நல்ல பெண். அவளுடைய தாத்தாவும் தோட்டத்துக்காரராம். பூனையின் வயிற்றை அழுத்திப் பார்த்தாள், வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள்.

"ரெண்டு யூனிட்ல அழகா வந்துக்கிட்டு இருந்துச்சே அங்கிள். சாப்பாட்டுல ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"அதே சாப்பாடுதான் டாக்டர்."

அந்த வார்த்தை அவர் யோசிப்பதற்குள் வெளியே வந்துவிட்டது. எட்டு வருடமாக அரசாங்க கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி கேட்கும்போதெல்லாம் அவர் சொல்லிவந்த பதில் அது. ராத்திரி சோறு சாப்பிடுகிறீர்களா? இல்லை. இனிப்பு? தொடுவதில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மேசைக்கு இந்தப்பக்கம் நின்று அதே பொய்யை ஆயிரம் பேரிடம் கேட்டவர் அவர். கள் வாடையோடு வந்து குடிக்கவில்லை என்பார்கள். மாத்திரை முழுசாய் இருக்கும், சாப்பிட்டேன் என்பார்கள். டிரெஸர் கத்துவார். இவர் சிரித்துக்கொண்டே பஞ்சை நனைப்பார். ஒருமுறை சொன்ன பிறகு, அடுத்த வாரம் இருபத்திரண்டு என்று பார்த்து அவள் கேட்டபோது மாற்றிச் சொல்ல முடியவில்லை. போன வாரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே. அதற்கு, என் காலுக்காகப் பூனையைச் சோறு தின்ன வைத்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். பேத்தி வயதுப் பெண்ணிடம் அதைச் சொல்ல வாய் எழவில்லை. மூன்று யூனிட் ஆனது, நான்கு ஆனது, நான்காம் முறை போனபோது ஐந்து ஆனது. நான்கு முறையும் அவள் கேட்டாள். நான்கு முறையும் அவர் அதையே சொன்னார். அவள் அதை அட்டையில் எழுதிக்கொண்டாள்.

புரட்டாசி முடிந்த மறுநாள், புதன்கிழமை, விமலா விடிவதற்குள் பாசாருக்குப் போய்விட்டாள். ஒன்றரைக் கிலோ கெம்போங், வாங்கும்போதே கண் பளபளப்பாக இருந்ததாம். பன்னிரண்டு மாதத்தில் அவள் அவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. மண்டோருக்குத்தான் முதல் தட்டு. "பாவம்ணே, ஒரு வார்த்த பேசாம தின்னுச்சே சோத்த." மூன்று மீனை ஒரே மூச்சில் தின்றுவிட்டு அது அவள் முழங்கையை நக்கிக்கொண்டிருந்தது. பிச்சைமுத்து ஐந்து யூனிட்டைப் போட்டார். குறைக்க வேண்டுமோ என்ற எண்ணம் வந்ததா, வந்து போனதா, அல்லது பிறகு அவராகச் சேர்த்துக்கொண்டதா, தெரியாது. அன்று மாலை பதினான்கு. வியாழன் மாலை எண் ஏழு. ஏழைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டார். இந்த வீட்டில் எல்லாம் ஒன்றாகச் சரியாகிறது என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை கால் பார்க்கும் நாள். எட்டு மணிக்கு நம்பர் எடுக்க வேண்டும். விமலா துணைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், லியோனார்ட் வாசலில் காரை உறுமவிட்டுக்கொண்டிருந்தார். மெஷின், காது அல்லது விரல், பன்னிரண்டு புள்ளி நான்கு. விரலென்றால் பூனையின் எண்ணை அவர் பார்க்கவே இல்லை. ஐந்து யூனிட். கதவைப் பூட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் புண்ணைப் பிரித்த மிஸ்ஸி மற்றொரு மிஸ்ஸியைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஓரங்கள் சிவந்து சேர ஆரம்பித்திருந்தன. காலை எடுக்க வேண்டியதில்லை என்றார் மருத்துவர். விமலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். வரும் வழியில் லியோனார்ட் காரை நிறுத்தி மூன்று பேருக்கும் பாக்கெட் தேநீர் வாங்கினார். பிச்சைமுத்துவுக்கு மட்டும் சர்க்கரை போடாதது. வீடு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டரை இருக்கும்.

மண்டோர் துணி துவைக்கும் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தது. தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு நான்கு கால்களாலும் நீந்திக்கொண்டிருந்தது. கண் முழுக்கக் கறுப்பு. சுற்றிலும் மூத்திரம். விமலா, விஷம் தின்றுவிட்டது என்று நினைத்தாள். பிச்சைமுத்துவுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறிப் படுக்கையில் கிடந்த தன்னுடைய நாட்கள் அவருக்குத் தெரியும். "லோ. சீனி எடு" என்றார். இரண்டு சர்க்கரை நோயாளிகள் இருந்த அந்த வீட்டில் சீனி இல்லை. லியோனார்ட் வந்தால் காப்பி கலக்க வைத்திருந்த இனிப்பு டின்பால் இருந்தது. அதை விரலில் வழித்து, கிட்டியிருந்த பற்களுக்கு வெளியே ஈறில் தேய்த்தார். பூனை அவர் கட்டைவிரலை எலும்பு வரை கடித்தது. விடவில்லை. அவரும் எடுக்கவில்லை. கட்டுப் போட்ட காலை மடித்து ஈரத்தில் உட்கார்ந்தபடி, மற்றொரு விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

கிளினிக்கில் ஒன்று புள்ளி ஒன்று. முன்னங்காலில் மயிரை மழித்து ஊசியேற்றி டிரிப் கட்டினார்கள். வலிப்பு நின்றது, திரும்ப வந்தது. அரை மணி நேரம் கழித்துத் தர்ஷனா வெளியே வந்து அட்டையோடு அவர்கள் எதிரில் உட்கார்ந்தாள். கடைசியாக என்ன சாப்பிட்டது என்று கேட்டாள்.

விமலாதான் சொன்னாள். "மீனுதான் டாக்டர். மூனு நாளா மீனு. ஒரு மாசமா தயிர்ச் சோறுதான் போட்டேன், அண்ணன் காலுக்கு வேண்டிக்கிட்டு. அதான் ஏங்கிப் போயிருந்துச்சு, வயிறு நெறைய போட்டேன்."

தர்ஷனாவின் பேனா நின்றது. அட்டையைப் பின்னால் புரட்டினாள். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். பிறகு நிமிர்ந்து பிச்சைமுத்துவைப் பார்த்தாள். அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் புதிதாகக் கட்டிய வெள்ளைத் துணியில் பூனையின் மூத்திரம் மஞ்சளாக ஊறியிருந்தது.

"சோறு தின்னுக்கிட்டு இருந்தப்ப அஞ்சு யூனிட் தேவைப்பட்டுச்சு ஆன்ட்டி" என்றாள் மெதுவாக. "மீனுக்கு மாறுனப்ப ஊசிய கொறைச்சிருக்கணும்."

"அப்ப நான் மீனு போட்டதாலயா?"

தர்ஷனா மறுபடியும் பிச்சைமுத்துவைத்தான் பார்த்தாள். சொல்வதை அவரிடமே விடுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. உள்ளே ஒரு நாய் கூண்டுக் கம்பியை நக்கிக்கொண்டிருந்தது. நாலு தடவ கேட்டாங்க, நான்தான் சொல்லல. இவ்வளவுதான் அவர் சொல்ல வேண்டிய வாக்கியம். விமலா அவர் பக்கம் திரும்பவே இல்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் தோல் உரிந்து உரிந்து ரேகை தேய்ந்த கைகள்.

"டிரிப் எத்தன மணி நேரம் போகும் டாக்டர்?" என்று கேட்டார் பிச்சைமுத்து.

மண்டோர் இரண்டு நாள் இருந்தது. கண் போய்விட்டது என்றார்கள். பெயரைச் சொன்னால் காது மட்டும் அசைந்ததாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. லியோனார்ட் தேவாலயத்துக்குப் போகாமல் காரை எடுத்தார். கிளினிக் வாசலில் ஆறு படி. கால் இருக்கும் நிலையில் ஏற வேண்டாம் என்று விமலா சொல்லிவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள். பத்து நிமிடம் ஆனது. ஒரு பூனையை வாங்கிக்கொண்டு வரப் பத்து நிமிடம் ஆகாது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தர்ஷனா நின்று பேசுவதும் விமலாவின் முதுகும் தெரிந்தன. ஒருமுறை விமலா தலையாட்டினாள். லியோனார்ட் வானொலியைப் போட்டு, உடனே அணைத்தார். "ஒங்க தங்கச்சி நல்ல மனுசிண்ணே" என்றார், எதற்கென்று இல்லாமல்.

விமலா அட்டைப்பெட்டியோடு வந்து பின்னிருக்கையில் ஏறி, அதை மடியில் வைத்துக்கொண்டாள். "போலாம் லியோனார்ட் அண்ணே."

கார் நகர்ந்து விளக்குச் சந்திப்பில் நின்றபோது பிச்சைமுத்து திரும்பாமல் கேட்டார். "டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ஒன்னும் இல்லண்ணே. சரியான பெட்டி கெடைக்கலன்னு தேடிக்கிட்டு இருந்தாங்க."

வீட்டு முற்றம் முழுவதும் சிமெண்டு. மலையடிவாரத்தில் லாலாங் புல் மண்டிய காலி மனையில் லியோனார்ட் குழி தோண்டினார். ஒரு முழத்துக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. மண்வெட்டி ணங்கென்று மோதியது. இன்னோர் இடத்தில் தோண்டினார், அங்கேயும் அதேதான். கடைசியில் ஆழமில்லாத குழியிலேயே வைத்து, நாய் பறிக்காமலிருக்க மேலே கல்லை அடுக்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் விமலா குளிர்பெட்டியில் மீதமிருந்த மீனையெல்லாம் ஒரு பையில் போட்டு லியோனார்டிடம் கொடுத்தாள். இனி இங்கே மீன் வேண்டாம் என்றாள். அவள் பார்த்ததெல்லாம் பையின் முடிச்சைத்தான். அவளுக்குத் தெரியுமா என்று பிச்சைமுத்து அன்று முழுக்க அவள் முகத்தில் தேடினார். பரிமாறும்போது தேடினார், விளக்கேற்றும்போது தேடினார். அறுபது வருடம் கூடவே இருந்த முகத்தில் அவருக்கு எதுவும் படிக்கத் தெரியவில்லை. வாரங்கள் போயின. சொல்லிவிடலாம் என்று நினைத்த நாட்கள் இருந்தன. அவளுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தால், தெரிந்தும் வாய் திறக்காமல் இத்தனை நாள் சோறு போட்டிருந்தால், என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவார்.

அதற்குப் பிறகு நடந்தவை இவை. அவர் கால்புண் தீபாவளிக்கு முன் மூடியது. அந்த வீட்டில் விரதம் மட்டும் முடியவில்லை. சோறும் கிழங்கும் தயிரும்தான் சமையல், அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தை மாதம் அதே காலில் மூன்றாவது விரல் கறுத்தது. பங்குனியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். டாக்டர் தர்ஷனா காம்பாரில் சொந்தக் கிளினிக் திறந்துவிட்டாள். லியோனார்ட், மகளோடு இருக்கத் தெலுக் இந்தானுக்குப் போய்விட்டார். அவர் வீட்டில் இப்போது ஒரு மலாய்க்காரக் குடும்பம் இருக்கிறது. மலையடிவார மனையில் கடைகள் கட்டுகிறார்கள். பிச்சைமுத்துவுக்குக் கண் மங்கிவிட்டது, மெஷினின் பெரிய எண் தெரிகிறது, ஊசிப் பேனாவின் பொடி எண் தெரிவதில்லை, கையும் நடுங்குகிறது, அதனால் அவருக்கான ஊசியை விமலாதான் போடுகிறாள். மாலை ஏழு மணிக்கு மெஷினை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஊசிப் பேனாவோடு எதிரில் முக்காலி போட்டு உட்கார்வாள். "எத்தனண்ணே?" என்று கேட்பாள். அவர் எண்ணைச் சொல்வார். மெஷினை வாங்கிப் பார்க்க மாட்டாள். அவர் இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்பதுபோல் சற்று நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு பேனாவைத் திருகுவாள்.